வெங்காயக் கலர் பாவாடை

செப்டம்பர் 2, திங்கள்

ஒரு ஸ்டார்!

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைத் திறந்தால் முதலில் கண்ணில் பட்டது அதுதான். சேலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறாள்: "வெங்காயக் கலர் கேட்டேன், வெள்ளை வந்திருக்கிறது. கழுவாத கண்ணாடி மாதிரி துணி. ஏமாற்றுக் கம்பெனி." படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது.

நானா ஏமாற்றுக் கம்பெனி? மூன்று வருசமாக இந்த ஷாப்பிங் ஆப்பில் உள்பாவாடை விற்கிறேன். புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது, ஆனால் கலர் பார்த்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஒருத்தி கிடையாது. உள்பாவாடை சேலைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது கரித்துணி. வெங்காயக் கலர் என்றால் சின்ன வெங்காயத்தின் தோல் கலர் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளையை எடுத்து அனுப்ப எனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

பேச்சியம்மாள்தான் பார்சல் கட்டுகிறவள். நாளைக்கு வரட்டும், இருக்கிறது அவளுக்கு.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்னும் இரண்டு ஒரு ஸ்டார். ராமர் பச்சை கேட்டவளுக்குக் கிளிப்பச்சை போயிருக்கிறதாம். ஆனந்தா ப்ளூ கேட்டவளுக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் நீலம்.

பேச்சியைப் பிடித்து நன்றாகக் கொடுத்தேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மதினி, பதினெட்டு வருசமா கலர் பாக்குதேன். கண்ணக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பாத்துச் சொல்லுவேன். என்னப் பாத்தா இப்படிக் கேக்கிய?"

"பின்ன யாரு அனுப்புனா? ஆவியா வந்து அனுப்பிச்சு?"

சாயந்தரம்வரை மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

பேச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் ஒவ்வொரு பார்சலையும் மூடுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைப்போம். கலரும் முகவரியும் அதில் தெரியும். ஆகஸ்டு மாதத்துப் படம் முழுக்க உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சேலத்துக்கு அந்தப் பெயரில் ஒரு பார்சலும் போகவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் போகவில்லை. நாங்கள் அனுப்பாத பாவாடைக்கு எங்களைத் திட்டியிருக்கிறார்கள்!

"பாத்தியளா?" என்றாள் பேச்சி. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரர் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நூறு கார்டு. பொன் எழுத்து. "கனி இன்ஸ்கர்ட்ஸ், எஸ். தவசிலிங்கம், மேனேஜிங் டைரக்டர்." கூடவே அதே எழுத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "மேனேஜிங் டைரக்டரே, அந்த மூட்டையக் கொஞ்சம் கூரியர் ஆபீஸ்ல போட்டுட்டு வாருங்க" என்றேன். இவர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேப்பரில் எல்லாம் இவர் பெயர்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யும் இவர் பெயர், ஆப்பில் கணக்கும் இவர் பெயர். தொடங்கும்போது ஆடிட்டர், "ஆம்பள பேர்ல இருந்தா லேசா முடிஞ்சிரும்மா" என்றார். சரி என்றேன். என் பெயரைத்தான் பாவாடைக்கே வைத்தாயிற்றே, சுயம்புக்கனியில் பாதி. அது போதும் என்று நினைத்தேன்.

போன மாதம் கலர் லிஸ்டையும் படங்களையும் பெரிய சைஸில் கேட்டு வாங்கினார், பைலில் வைக்கவேண்டுமாம். "ராமர் பச்சைக்கு இங்கிலீஷ்ல என்னட்டி?" என்று வேறு கேட்டார். ராமருக்கே தெரியாது என்றேன். பாவம், மனிதருக்கும் ஏதாவது வேலை வேண்டும் அல்லவா.

செப்டம்பர் 11, புதன்

கஸ்டமர் கேரில் ஒருவழியாக ஒரு தமிழ்ப் பையன் கிடைத்தான். நாற்பது நிமிசம் பாட்டுப் போட்டு என்னைக் காக்க வைத்த பிறகு.

"மேடம், ஆப்புல உங்க பொருள் இருக்கிற பக்கத்துல இன்னொரு செல்லரும் விக்கிறாங்க. சில்வோரா டிரேடிங். அவங்க விலை கம்மி. அதனால வாங்குறவங்களுக்கு அவங்க பொருள்தான் முதல்ல போகும்."

"என் பக்கத்துல அவன் எப்படி வந்தான்?"

"ஒரே பொருள்னா ஒரே பக்கம்தான் மேடம். ரிவ்யூவும் பொதுதான்."

"ஒரே பொருளா? அவன் வெங்காயக் கலருக்கு வெள்ளைய அனுப்புதான் தம்பி!"

"வெங்காயம் வெள்ளைதான மேடம்?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் அந்தப் பையனின் பரம்பரையையே இழுத்திருப்பேன்.

எப்படி வந்த பக்கம் அது! தொடங்கின புதிதில் ஆப்பு கொடுத்த கலர் பட்டியலில் பச்சை என்றால் ஒரே பச்சை, நீலம் என்றால் ஒரே நீலம். ஏழு மாதம் ஈ ஓட்டினேன். பிறகு ஒருநாள், சேலைக்கடையில் பெண்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே எழுதினேன். ராமர் பச்சை, அரக்கு, மயில்கழுத்து, செங்கல், வெங்காயக் கலர். பெண்கள் போனைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே சொல்லித் தேடினார்கள். தேடினால் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படிச் சேர்ந்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரிவ்யூ. நாலு புள்ளி ஆறு ஸ்டார். இந்தக் களவாணிப் பயல் அந்தப் பெயரை எல்லாம் எடுத்துக்கொண்டான். பெயருக்குள் இருக்கிற கலர் மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பேச்சியின் தங்கச்சி முகவரிக்கு என் பக்கத்திலிருந்தே ஒரு வெங்காயக் கலர் ஆர்டர் போட்டேன். என்ன வருகிறது என்று பார்த்துவிடுகிறேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வந்துவிட்டது.

வெள்ளை. தொட்டால் ஒட்டிக்கொள்கிற நைலான் துணி. இரண்டு தையல் ஏற்கெனவே பிரிந்திருந்தது. இடுப்பில் ஒரு லேபிள். லேபிளில் "கனி".

என் பெயர்! தைத்து, இஸ்திரி போட்டு, அந்தக் கந்தலின் இடுப்பில் என் பெயர்! அந்தப் பாவாடையைத் தரையில் போட்டு மிதித்தேன். பிறகு எடுத்து உதறி மடித்து வைத்தேன், சாட்சிக்கு வேண்டும் என்று.

இவரிடம் காட்டினேன். "பாருங்க, நம்ம பேரையே திருடிட்டான்" என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோய்விட்டார். கவலை என்றால் அவருக்கு எப்போதும் வயிற்றைத்தான் பிடிக்கும். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆப்புக்குப் புகார் எழுதினேன். போனிலேயே இங்கிலீஷாக்கி, நான்கு படம் சேர்த்து அனுப்பினேன். நான் பிளஸ் டூவில் இங்கிலீஷில் இருநூறுக்கு நூற்று முப்பத்தெட்டு வாங்கியவள், யாரும் என்னைச் சும்மா நினைக்கவேண்டாம்.

இவர் கதவோரம் நின்று, "பெரிய கம்பெனிக்காரன்கூட மல்லுக்கட்ட முடியுமா கனி? விட்டுத் தள்ளு" என்றார். சுபாவமே பயந்த சுபாவம்.

விடுவதாவது!

செப்டம்பர் 24, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. மூன்று வரி. "சில்வோரா டிரேடிங் நிறுவனம் பிராண்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியுடன் விற்பனை செய்கிறது. எனவே உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது."

அனுமதியா? யார் கொடுத்த அனுமதி? நானா கொடுத்தேன்? கள்ளக் கையெழுத்துத்தான், வேறென்ன. நகல் அனுப்புங்கள் என்று உடனே எழுதினேன். இன்னொரு மெயிலும் வந்திருக்கிறது: ஸ்டார் மூன்றுக்குக் கீழே போனால் அக்டோபர் பதினெட்டாம் தேதியோடு கணக்கு நிறுத்தப்படும். கடைசி முப்பது நாள் ரிவ்யூவை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்களாம். இன்றைக்கு மூன்று புள்ளி மூன்று.

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம்தான் எங்களுக்கு வருசம். ஷெட்டில் நான்கு பேர் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 25, புதன்

இவருடைய விசிட்டிங் கார்டு டப்பாவையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சும்மாதான். வீடு துடைக்கும்போது வழியில் கிடந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

மயில்கழுத்து ஐம்பது, அரக்கு நாற்பது வெட்டினோம். நாடாக் கட்டு தீர்ந்துவிட்டது. நகல் வரவில்லை. மறுபடி எழுதினேன்.

இவர் கேட்டார், "என்னட்டி எழுதுத தினமும் அவனுக்கு?" என்று.

"நகல் கேக்கேன். யாரு கையெழுத்துன்னு பாக்கணும்லா" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அக்டோபர் 4, வெள்ளி

மூன்று புள்ளி ஒன்று. மூன்றாவது தடவையாக எழுதினேன். போலீசுக்குப் போவேன் என்றும் சேர்த்து எழுதினேன். போகிறேனா இல்லையா என்பது வேறு விசயம்.

திண்டுக்கல்லில் ஒரு பெண், மகளுடைய வளைகாப்புக்கு வாங்கினாளாம். "சபையில் வைத்துப் பிரித்தேன், மானம் போயிற்று" என்று எழுதியிருக்கிறாள். அம்மா, நான் இல்லை அம்மா என்று அவளுக்குப் பதில் எழுதினேன். ஆப்பு அந்தப் பதிலை எடுத்துவிட்டது. விதிமுறைக்கு மாறானதாம்.

அக்டோபர் 9, புதன்

நகல் வந்துவிட்டது.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. மெஷின் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தோம். பொரி, கடலை, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். ஓவர்லாக் மெஷினுக்கடியில் ஆறு மாதத்துத் தும்பு இருந்தது. அதையும் கூட்டி அள்ளினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை முடிந்து எல்லோரும் பொரியை வாங்கிக்கொண்டு போனபிறகு இவரை ஷெட்டில் உட்காரச் சொன்னேன். போனை முன்னால் வைத்தேன்.

"இது யாரு கையெழுத்து?"

கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பு, மேனேஜிங் டைரக்டர். தேதி ஆகஸ்டு பதினேழு. ஏதோ சினேகிதன் வீட்டுப் பால்காய்ப்பு என்று தூத்துக்குடிக்குப் போய்வந்த நாள்.

ஆகஸ்டிலேயே ஸ்டாம்பு இருந்திருக்கிறது. என்னிடம் காட்டியதுதான் செப்டம்பரில்.

"அந்த சில்வோராக்காரன் பத்தாயிரம் பீஸ் ஆர்டர் தாரேன்னான் கனி. வடக்க பூரா நம்ம பாவாடை போகும்னான். தீவாளிக்கு ஒனக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

"ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சியளா?"

"எல்லாம் பார்மாலிட்டி சார்னு சொன்னான்."

"ஒங்களுக்குத் தெரியாட்டா எங்கிட்டக் கேக்கதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஓட்டல்ல எந்திரிச்சு நின்னு கைகுடுத்தான். ஒங்கள மாதிரி ஓனர்ஸ பாக்கதே பெருமை சார்னான். இந்த ஊர்ல என்ன எவன் சாருங்கான்? டீக்கடைல ஒக்காந்தா, 'ஏ, பாவாட வந்துட்டாம்ல'ங்கானுவ. மூணு வருசமா அதான் என் பேரு. நீ பாத்ததில்ல."

பார்த்ததில்லைதான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் சேர்த்து இவர்மேல்தான் கோபம் வந்தது. ஒரு 'சார்'! ஒரே ஒரு 'சாருக்கு' என் மூன்று வருசத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, ஓமத்தண்ணியையும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார்! வெள்ளைப் பாவாடையைக் கையில் வாங்கிப் பார்த்தாரே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நான் பேச்சியைத் திட்டினபோது சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் அவரிடமே கத்தினேன். பக்கத்து ஷெட்டில் மெஷின் நின்றது. நிற்கட்டும், கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? இரண்டு வாரமாகவே எனக்குத் தெரியும். பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெரியாத மாதிரி இருந்தேன். இதை எழுத இப்போதுதான் கை வந்தது.

அக்டோபர் 12, சனி

கடிதத்தை வரி வரியாகப் படித்தேன். கனி என்ற பெயரையும் படங்களையும் கலர் பெயர்களையும் ஆப்பில் எங்கள் பக்கத்தில் மூன்று வருசத்துக்கு அவன் பயன்படுத்தலாம். திரும்பப் பெற முடியாது. பத்தாயிரம் பீஸ் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. இவர் அந்த ஆளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. இருபத்திரண்டு தடவை போட்டார்.

கஸ்டமர் கேரில் இந்தத் தடவை ஒரு பெண். கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளவள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மேடம், அவங்கள நாங்க எறக்க முடியாது. ஆனா பிராண்டு ஓனர் அந்தப் பக்கத்தையே மூடிட்டா, அதுல நிக்கிற எல்லாருமே போயிருவாங்க. அவங்ககிட்ட இருக்கிறது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் அனுமதி."

"என் ரிவ்யூ?"

"அதுவும் போயிரும் மேடம். திரும்ப வராது."

அக்டோபர் 13, ஞாயிறு

பேச்சியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். யார் கையெழுத்து என்பதையும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணாச்சியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ரெண்டாயிரம் பேரு எழுதினத அழிச்சிருவியளா மதினி? தீவாளி வேற வருது" என்றாள்.

"வச்சிருந்தா தீவாளிக்கு ஊர்ப் பொம்பளைய எல்லாம் நம்ம பேரச் சொல்லிக் காறித் துப்புவாளுவ. சரியா?"

அவள் என் போனை வாங்கிப் பழைய ரிவ்யூவாகப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். "சேலையை விடப் பாவாடை நன்றாக இருக்கிறது, மேலே கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன்." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இன்னொன்றைப் படிக்கத் தொடங்கினாள். போதும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டு புள்ளி ஒன்பது.

காலை பதினோரு மணி. பக்கத்தை மூடு என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி. மறுபடியும் கேட்டது, அத்தனை ரிவ்யூவும் அழிந்துவிடும் என்று. இந்த அக்கறையை வெள்ளைப் பாவாடை விற்கிறவனிடம் காட்டியிருக்கலாம். உறுதி என்று மறுபடியும் அழுத்தினேன். ஆறு இலக்க எண் ஒன்று உரிமையாளரின் போனுக்கு வரும் என்றது.

உரிமையாளர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் போன் சிணுங்கிற்று.

"நம்பரச் சொல்லுங்க" என்றேன்.

"கனி, வேற வழியே இல்லியா?"

"நம்பரச் சொல்லுங்க."

"நாலு... ஒன்பது... ஒன்பது... ரெண்டு... பூஜ்யம்..." என்றவர் நிறுத்திவிட்டார். "இதயும் சொன்னா எல்லாம் போயிருமேட்டி. ஒம் மூணு வருசம்."

"எல்லாம் போனது நீங்க போட்ட கையெழுத்துல. இது வெறும் நம்பர். சொல்லுங்க."

"ஏழு."

அடித்தேன். அரை நிமிசம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இந்தப் பொருள் இப்போது கிடைப்பதில்லை என்று வந்தது. கனி போனாள், அவள் முதுகில் ஏறியிருந்த சில்வோராவும் போனான். பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெஷினை ஓட்டினாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பத்து வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கி உடைக்கலாம் போல இருந்தது. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

அக்டோபர் 16, புதன்

ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். புதுப் பெயர், புது ஜி.எஸ்.டி. கணக்கு, எல்லாம் சுயம்புக்கனி. இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

அங்கிருக்கிற குமாஸ்தா நான்கு பக்கத்தை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினான். "எல்லாம் வழக்கமா உள்ளதுதாம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"மொதல்ல முழுசாப் படிங்க. ஒவ்வொரு வரியா. படிச்சுட்டுத் தமிழ்ல சொல்லுங்க."

"நாலு பக்கம் இருக்கேம்மா. வெளிய ஆளு நிக்காவ."

"நிக்கட்டும்."

இவரைப் பார்த்தான், நீங்களாவது சொல்லக்கூடாதா என்பதுபோல. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்தார்.

"படிங்க தம்பி. நானும் கேக்கணும்" என்றார்.

படித்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.